மாமாவின் கல்வெட்டும் என் மடிக்கணினியும்

லண்டன் தமிழரிடையே ‘கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை’ என்று பெயர் எடுப்பதற்குப் படிப்பு ஒன்றும் தேவையில்லை. யாருடைய வீட்டிலாவது பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை கிழியாமல் இழுத்து எடுத்தால் போதும். அடுத்த வாரத்திலிருந்து கல்யாண அழைப்பிதழ் அடிப்பது முதல் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவது வரை எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். கிங்ஸ்பரிக்கு வந்த முதல் மாதமே நான் அப்படி ஒரு தாளை இழுத்து எடுத்தேன். நான் படித்துக்கொண்டிருந்தது கணக்கியல். (அதிலும் பெரிதாக வெட்டி விழுத்தவில்லை.)

அந்தப் பிரிண்டர் சிவஞானம் மாமாவுடையது. மாமா என்றால் சொந்த மாமா அல்ல. அவரும் பரமேஸ் மாமியும் இருந்த வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையை எனக்கு வாடகைக்குத் தந்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த நாட்களில் எனக்கு ஒரு பெரிய கடையின் பேக்கரியில் காலை ஆறு மணி ஷிப்ட். இருட்டோடு இருட்டாக ஐந்தேகாலுக்கு நான் படி இறங்கினால், கோட்டும் கம்பளித் தொப்பியுமாக மாமா கதவடியில் நிற்பார்.

“பேப்பர் வாங்கப் போறன் பிள்ளை. அப்பிடியே பஸ் ஸ்டொப் மட்டும் வாறன்” என்பார்.

பேப்பர் கடை ஏழு மணிக்குத்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியவர மூன்று மாதம் ஆயிற்று. (அவ்வளவு கூர்மையான புத்தி.) தெரிந்த பிறகும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. பஸ் வந்து நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் திரும்பி நடப்பார். இன்றுவரை எனக்காக யாரும் அவ்வளவு தூரம் வீணாக நடந்ததில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில், மார்கழி மாதம், மாமா திடீரென்று போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, இரண்டே நாள். செத்தவீட்டுக்கு அவருடைய தம்பி ரொறொன்ரோவிலிருந்து பறந்து வந்தார். நான் அவரைக் கனடா மாமா என்று கூப்பிட்டேன். வந்தவர் முப்பத்தோராம் நாள் காரியம் வரை நின்றுவிட்டார்.

முப்பத்தோராம் நாள் என்றால் கல்வெட்டு வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவதல்ல, இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம். அட்டையில் அவருடைய படம். உள்ளே பதிகங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, மனைவி புலம்பல், சகோதரர் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். மத்தியானச் சாப்பாடு முடிந்து போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுக்க வேண்டும். மிச்சம் கனடா, அவுஸ்திரேலியா, ஊர் என்று தபாலில் போகும். எந்தக் கல்வெட்டை எடுத்துப் பார்த்தாலும் இறந்தவர் பழகுவதற்கு இனியவராகவும் சிரித்த முகத்தினராகவும்தான் இருப்பார். ஊரில் சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்த ஒரு கடைக்காரரின் கல்வெட்டிலும் நான் அதையே வாசித்திருக்கிறேன்.

“ஆரிட்டைக் குடுத்துச் செய்விப்பம்?” என்று கனடா மாமா கேட்டார்.

“பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும்” என்றார் மாமி.

நான் மறுத்திருக்கலாம். மனம் வரவில்லை. மாமா எனக்கு நடந்து தந்த தூரத்துக்குக் கைமாறாக நான் செய்யக்கூடியது இந்த ஒன்றுதான் என்று தோன்றியது. “ஓம், நான் செய்யிறன்” என்றேன்.

மாமி அறைக்குள் போய் ஒரு படத்தை எடுத்து வந்தார். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. வெளிர் நிறக் கோட்டு, நெற்றியில் மூன்று குறி விபூதி, மாமா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவரின்ரை மற்றப் படமெல்லாம் பாஸ்போட்டுக்கு எடுத்தது. ஆரோ கேள்வி கேட்டு மறுமொழி தெரியாமல் முழிக்கிற மாதிரி இருப்பார். இது ஒண்டிலைதான் ஆள் ஆளா இருக்கிறார். வேறை என்னவும் செய் பிள்ளை, இவரின்ரை முகம் மட்டும் வடிவா வரவேணும்.”

அந்த ஒரு மாதத்தில் மாமி ஒரே மூச்சில் பேசிய பேச்சு அவ்வளவுதான். மற்றபடி எதைக் கேட்டாலும் ‘ஓம்’ அல்லது ‘வேண்டாம்’. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாம் “நல்ல மனிசன், குடுத்து வைச்சவர்” என்று ஒரே பாட்டைப் பாடிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். மாமி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆள் கரைந்துகொண்டு போவது எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த முகம்.

இப்போது என் மடிக்கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது கூடப் படித்த ஒருவன் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதன் கிராபிக்ஸ் கார்ட், அதாவது திரையில் படம் காட்டுகிற பகுதி, பழுது. கொஞ்சம் சூடேறினால் முதலில் ஆண்கள் உடுக்கிற சாரத்துத் துணி மாதிரித் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். பிறகு கோடு கோடாக வரும். பிறகு இருட்டு. கோலியர்ஸ் வுட்டில் கம்ப்யூட்டர் திருத்துகிற ஓர் அண்ணை அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார்.

“தங்கச்சி, இது போர்டோடை சேர்த்து ஒட்டினது. தனிய மாத்த ஏலாது. குளிரா வைச்சிருந்தால் இன்னும் கொஞ்ச நாளைக்கு இழுக்கும்” என்றார்.

குளிராக வைத்திருப்பதற்கு லண்டனில் தை மாதத்தை விட என்ன வேண்டும்? மேல்மாடி ஜன்னலை விரியத் திறந்துவிட்டேன். மேசையில் மாமியின் இடியப்பத் தட்டுகள் நான்கைக் கவிழ்த்து, அவற்றின் மேல் மடிக்கணினியைத் தூக்கி வைத்தேன். (ஓட்டை உள்ள தட்டு. காற்றுப் போகும். இந்த யோசனைக்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.) தட்டுகளுக்கு நடுவே உறைந்த முருங்கைக்காய்ப் பொதி ஒன்று. நான் கோட்டு, கழுத்தில் சால்வை, விரல் நுனி வெட்டிய கையுறை என்று இமயமலைக்குப் புறப்பட்டவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

இப்படி வைத்தால் இருபது நிமிடம் ஓடும். சாரத்துக் கட்டம் தெரிந்ததும் சேமித்துவிட்டு நிறுத்த வேண்டும். கீழே ஓடிப்போய் இளகிய முருங்கைக்காயை உறைபெட்டியில் போட்டு, உறைந்த முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். அதற்குள் மடிக்கணினி ஆறிவிடும். பிறகு இன்னும் இருபது நிமிடம். இரண்டு பொதிகளும் இப்படி ஏறி இறங்கிக் களைத்த பிறகு கறிச்சட்டிக்குப் போகும். தீட்டுக் காக்கிற துடக்கு வீட்டில் முப்பத்தொரு நாளும் மரக்கறிதான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நான்காம் முறை முருங்கைக்காய்க் கறி வந்தபோதுதான் கனடா மாமா சாப்பாட்டுக் கோப்பையை ஒருதரம் உற்றுப் பார்த்தார்.

அவர் ஒருநாள் என் அறைக்கும் வந்து எட்டிப் பார்த்தார்.

“உந்த ஜன்னலைப் பூட்டுமன் பிள்ளை. நான் ரொறொன்ரோவிலையே இப்பிடி விறைக்கேல்லை.”

“ஏலாது மாமா. பூட்டினால் கல்வெட்டு நிண்டிடும்.”

அவர் திரையைப் பார்த்தார், முருங்கைக்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன்னுடைய தடித்த காலுறை ஒரு சோடியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் மனைவி புலம்பலைத் தட்டச்சு செய்தேன். அதை யாழ்ப்பாணத்தில் ஒரு புலவர் தொலைபேசியில் விபரம் கேட்டு எழுதி அனுப்பியிருந்தார். நாற்பது வரி. மாமி வாசித்துப் பார்த்து “ஓம்” என்று திருப்பித் தந்தார்.

பாதி வேலை முடிந்தபோது ஒருநாள் காலை மடிக்கணினியைத் திறந்தால் திரை முழுக்க ரோஸ் நிறம். வெள்ளையாக இருக்க வேண்டிய பக்கமும் ரோஸ், பதிகமும் ரோஸ், வம்சாவளியும் ரோஸ். நானும் எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். நிறுத்திப் போட்டேன். அந்தக் கார்டின் மென்பொருளைக் கழற்றிவிட்டு, வெறும் அடிப்படை வசதியோடு ஓட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் யானைக்குட்டி அளவில் வந்தது, ரோஸ் போகவில்லை. ஆனால் ஒரு நன்மை, இருபது நிமிடம் முப்பதாகக் கூடியது. முப்பது நிமிடம் கிடைத்த மகிழ்ச்சியில் நான் ரோஸை மறந்துவிட்டேன். எழுத்து எந்த நிறத்தில் தெரிந்தால் என்ன, அச்சில் கறுப்பாகத்தானே வரப்போகிறது?

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அல்லது செய்யவில்லை.

நான்கு நாள் அந்த ரோஸுக்குள்ளேயே கிடந்ததில் என் கண்ணுக்கு அதுதான் உலகம் என்று ஆகிவிட்டது. கடைசியாக, அட்டைப் படத்தை எடுத்தேன். நூலகத்தில் ஸ்கேன் செய்து கொண்டுவந்த படம். திரையில் மாமா சிவந்துபோய் இருந்தார். வாழ்நாளில் இஞ்சித் தேநீருக்கு மேல் வேறெதையும் தொட்டறியாத மனிதர், போத்தலோடு பிடிபட்டவர் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி கூட ரோஸ்.

ஸ்கேன் சரியில்லை என்று முடிவு கட்டினேன். திருத்தத் தொடங்கினேன். சிவப்பைக் கொஞ்சம் குறைத்தேன். போதவில்லை. இன்னும் குறைத்தேன். பச்சையைக் கொஞ்சம் கூட்டினேன். கட்டம் வந்தது, முருங்கைக்காய் மாற்றினேன், வந்து மறுபடியும் குறைத்தேன். விபூதி வெண்மையாகும் வரை விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். மாலை ஆகிறபோது விபூதி பளிச்சென்று வெள்ளை, கோட்டு வெளிர் நிறம், மாமாவின் முகம் அப்படியே மாமாவின் முகம். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

கல்வெட்டின் கோப்பைச் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த தமிழ் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த நாள் அச்சக அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அட்டைப் படம் ஒருமாதிரிக் கிடக்கு. இப்பிடித்தான் வரவேணுமோ?”

இந்தக் கேள்வியைக் கடவுளே அனுப்பிவைத்தார் என்று இப்போது நம்புகிறேன். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க விறைத்துப்போய்ச் செய்த வேலையை ஒருவர் ‘ஒருமாதிரி’ என்பதா?

“அண்ணை, அது கலர் கரெக்ஷன் செய்த படம்” என்றேன், இருபது வருடம் அச்சுத் தொழிலில் இருந்த மனிதரிடம். “நீங்கள் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ. அப்பிடியே அடியுங்கோ.”

“இல்லை, ஒருக்கா வந்து பாத்திட்டு...”

“தேவையில்லை அண்ணை. நான் சரியாப் பாத்தனான்.”

முப்பத்தோராம் நாள் காலை. வெம்பிளிப் பக்கம் ஒரு மண்டபம். ஐயர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கனடா மாமா விடியவே செவன் கிங்ஸுக்குப் போய்ப் பெட்டிகளை ஏற்றி வந்திருந்தார். முந்நூறு பிரதி. முதலாவது பிரதியை மாமியிடம் கொடுக்க வேண்டும் என்று பெட்டியின் ஒட்டுத்தாளை அவரே வெட்டினார். நான் பக்கத்தில், பாராட்டு வந்தால் எப்படித் தலை குனிவது என்று யோசித்தபடி நின்றேன்.

பெட்டி திறந்தது. உள்ளே மாமா பச்சையாக இருந்தார்.

லேசான பச்சை என்று யாரும் நினைக்க வேண்டாம். முகம் வாழையிலை. கோட்டு அதைவிடக் கொஞ்சம் இளசு. விபூதி பச்சை, பல்லும் பச்சை. அந்தப் பச்சைப் பல்லோடு அவர் மிகவும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கனடா மாமா அடுத்த பிரதியை எடுத்தார். அதுவும் பச்சை. பெட்டியின் அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். (அடியில் இருப்பது மட்டும் நிறம் மாறியிருக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நானும் நம்பினேன்.)

“உதென்ன இது?” என்றார். “எங்கடை அண்ணையை ஆர் இப்பிடிச் செய்தது?”

நான் உடனே செய்த காரியம், பழியை அச்சகத்தின் மேல் போட்டது. மண்டப வாசலுக்கு ஓடி அச்சக அண்ணையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“நீங்கள் தந்த கலர்தான் தங்கச்சி. நான் கேட்டனான் எல்லோ?”

கேட்டவர்தான். அந்தக் கணத்தில் அந்த ரோஸ் திரை முழுதாக என் கண்முன் வந்து நின்றது. திரையின் ரோஸுக்குச் சமமாக நான் படத்துக்குப் பச்சை பூசியிருக்கிறேன். என் மடிக்கணினியில் பார்த்தால் மட்டுமே மாமா மாமாவாக இருப்பார். உலகத்தின் மற்ற எல்லா இடங்களிலும் பச்சை. மாமி என்னிடம் கேட்ட ஒரே ஒரு பொருளை நான் முந்நூறு முறை பாழாக்கியிருந்தேன்.

அப்படியே பஸ் ஏறிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மாமா என்னை அனுப்பிவைத்த பஸ்கள் நினைவுக்கு வந்தன. உள்ளே திரும்பிப் போனேன்.

கனடா மாமா அட்டைகளைக் கிழித்துவிட்டு உள்பக்கங்களை மட்டும் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிரதியின் அட்டையில் கையும் வைத்துவிட்டார். மாமி அந்தப் பிரதியை அவர் கையிலிருந்து வாங்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

“மாமி, பிழை என்னிலைதான். என்ரை கம்ப்யூட்டர் பழுது. நான் தெரியாமல் கலரை மாத்திப் போட்டன்.”

மாமி என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்தார்.

“கப்பல்” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“பிரான்சுக்கு லூர்து மாதாவிட்டைப் போனனாங்கள் எல்லோ, கோச் பஸ்ஸிலை. டோவரிலை கப்பல் ஏறினது. இவர் லண்டனிலை கோச் வெளிக்கிட்ட நேரம் துவங்கி ஒரே புளுகு. நான் நெடுந்தீவான், பிறந்ததே கடலுக்கை, எனக்குக் கப்பல் ஒரு கதையோ எண்டு. கோச்சிலை இருந்த சனத்துக்கெல்லாம் கடலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு வந்தவர். கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடேல்லை, கட்டின கயிறு கட்டினபடி கிடக்கு, இவர் இந்த நிறத்துக்கு வந்திட்டார்.” மாமி அட்டையில் விரலை வைத்துக் காட்டினார். “இதே நிறம். பிரான்ஸ் மட்டும் என்ரை மடியிலை தலையை வைச்சுக்கொண்டு கிடந்தவர். லூர்துக்குப் போய் இறங்கினவுடனை மாதாவுக்கு முன்னாலை என்னட்டைச் சத்தியம் வாங்கினவர், ஒருத்தருக்கும் சொல்லப்படாது எண்டு. நான் இண்டு வரைக்கும் சொல்லேல்லை.”

மாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்ப அவரே வந்து சொல்லிப்போட்டார்.”

சொல்லிவிட்டு மாமி சிரித்தார். முப்பத்தொரு நாளில் முதல் தடவை. கோபத்தில் நின்ற கனடா மாமா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணை சின்னனிலையும் அப்பிடித்தான் அண்ணி” என்றார் மெதுவாக. “தீவிலை இருந்து வள்ளத்திலை பள்ளிக்கூடம் போகேக்கை, தலைசுத்துக்கு மூக்கிலை தேசிக்காயை வைச்சுக்கொண்டு வள்ளத்துக்கு அடியிலை படுத்திருப்பார். என்னட்டையும் சத்தியம் வாங்கினவர்.”

ஐயர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் காரியம் தொடங்கியது.

அட்டை கிழிபடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மாமி வாசலடியில் கதிரை போட்டு உட்கார்ந்து தன் கையாலேயே கொடுத்தார். வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு மாமியைப் பார்த்தார்கள். மாமி கப்பலைத் தொடங்கினார். கேட்டவர்கள் அப்படியே நின்று, தங்களுக்குத் தெரிந்த மாமாவைச் சொல்லத் தொடங்கினார்கள். பெற்றோல் ஷெட்டில் அவரோடு வேலை செய்தவர் ஒரு கதை சொன்னார், கோயில் கமிட்டிக்காரர் ஒரு கதை சொன்னார். நானும் பேப்பர் கடையைச் சொன்னேன். “ஓம் பிள்ளை, ஏழு மணிக்குத்தான் திறக்கும். வீட்டை வந்து ரெண்டாந்தரம் வெளிக்கிட்டுப் போவார்” என்றார் மாமி. அது எனக்கு அன்றுதான் தெரியும். அன்று ஒருவர் கூட ‘நல்ல மனிசன்’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. மண்டபத்தைப் பூட்ட வந்தவர் திறப்புக் கோர்வையோடு முக்கால் மணி நேரம் காத்து நின்றார்.

அச்சக அண்ணை சரியான நிறத்தில் வேறு அட்டை அடித்துத் தருவதாகச் சொன்னார். மாமி ‘வேண்டாம்’ என்றுவிட்டார். நான் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்து, தன் மேசைத் திரையில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினார். மடிக்கணினி அடுத்த மாதம் ஒரேயடியாகக் கண்ணை மூடியது.

பொதுவாகக் கல்வெட்டுகள் வாங்கிய வாரமே அலமாரிக்குள் போய் மறைந்துவிடும். இது மட்டும் போகவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் லண்டனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் சாமி அறையிலோ தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலோ பச்சை மாமா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்று அவருக்கும் சேர்த்துப் பூ வைக்கிறது. என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், நான் பார்க்கும் வேலையையோ படித்த படிப்பையோ யாரும் சொல்வதில்லை. “இவதான் மாமாவைப் பச்சையாக்கினவ” என்பார்கள். கலியாணத்துக்குப் பிறகு என் கணவருக்கும் அந்த வீடுகளில் ‘பச்சைக்காரியின்ரை மனிசன்’ என்றுதான் பெயர்.

மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் போனபோது ஒரு கடித உறையை என் கையில் தந்தார். உள்ளே அவருடைய படம், நீலச் சேலையில், நன்றாகச் சிரித்தபடி.

“நேரம் வரேக்கை தேடித் திரியாதை. என்ரை கல்வெட்டுக்கு இதைப் போடு. பச்சை வேண்டாம், சனம் ரெண்டு பேரையும் மாறிப்போடும். எனக்கு ஒரு மாம்பழ மஞ்சளாத் தா.”

“மாமி, இப்ப என்னட்டை நல்ல கம்ப்யூட்டர் கிடக்கு. எல்லா நிறமும் சரியா வரும்.”

மாமி என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

“எல்லாம் சரியா வந்தால், சனம் பிறகு என்னைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?”